தாத்தாவின் தீர்வை ரசீதும் ஒன்பது நீதிபதிகளும்

2025 பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டை ஒதுங்கவைத்தபோது, பரணிலிருந்து தாத்தாவின் தகரப்பெட்டி இறங்கியது. உள்ளே பழைய கல்யாணப் பத்திரிகைகள், கரையான் தின்றது போக மீந்த ஒரு ஜாதகக் கட்டு, மஞ்சள் பைக்குள் நூல் சுற்றி வைத்த தீர்வை ரசீதுகள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் நிலவரியைத் தீர்வை என்றுதான் சொல்வார்கள்.

மேலாக இருந்த ரசீதில் பசலி 1375 என்று போட்டிருந்தது. அதாவது 1965 ஜூலை முதல் 1966 ஜூன் வரை. குளத்துப் பாசனத்தில் தாத்தாவுக்கு இருந்த துண்டு நஞ்சைக்கான தீர்வை. ஊதா மசி மங்கியிருந்தாலும் எண்கள் தெரிந்தன. நிலவரி 4 ரூபாய் 20 பைசா. அதற்குக் கீழே தலவரி, அதாவது ஊராட்சிக்காக நிலவரியோடு சேர்த்து வாங்கும் உள்ளூர் வரி, 1 ரூபாய் 89 பைசா. அதற்கும் கீழே தல மேல்வரி என்று ஒரு வரி இருந்தது, தொகையைப் பூச்சி தின்றுவிட்டது.

போனை எடுத்து 4.20ஐ 0.45ஆல் பெருக்கிப் பார்த்தேன். 1.89. சரியாக வந்தது. ஒரு ரூபாய் நிலவரிக்கு 45 பைசா தலவரி. இந்தக் கணக்கு எனக்கு முன்பே தெரியும். தாத்தா சொல்லி அல்ல, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைப் படித்து. அந்தத் தீர்ப்பு எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

2024 ஜூலை 25 அன்று, கனிமங்களுக்கு வரி போட மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. அன்று மாலை, பாளையங்கோட்டையில் இருக்கும் வக்கீல் அண்ணாச்சி ஒருவரோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். செய்தியைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தவர், "நம்ம தாழையூத்து கேஸ்லா இது!" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டிக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம் தாண்டுகிற ஊர். சங்கர் நகர், சிமெண்ட் ஆலை. அதற்கும் டெல்லியில் ஒன்பது பேர் உட்கார்ந்ததற்கும் என்ன சம்பந்தம்? அண்ணாச்சி பழைய தீர்ப்பை அனுப்பிவைத்தார். அதை வாசித்த இரவில்தான் 45 பைசா என் மண்டைக்குள் ஏறியது.

பள்ளிக்கூடத்தில் நமக்கு மூன்று பட்டியல்கள் சொல்லித்தந்தார்கள். ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல். அதிகாரம் பங்கு போட்டாயிற்று, அவரவர் வேலையை அவரவர் பார்ப்பார்கள் என்ற மாதிரி இருக்கும் அந்தப் பாடம். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிய எந்தக் குடும்பத்திலும் விவகாரம் பத்திரத்தோடு முடிந்ததில்லை என்பது அந்த வயதில் தெரியாது. "கீழ்புறம் உள்ள கிணறும் அதைச் சார்ந்த பாதையும்" என்று பத்திரத்தில் இருக்கும். பாதை எவ்வளவு அகலம், மாட்டுவண்டிக்கா, ஆள் நடக்கவா என்பதைப் பிற்பாடு முன்சீப் கோர்ட்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையும் அப்படித்தான். மாநிலப் பட்டியலின் 49ஆம் பதிவு நிலத்துக்கும் கட்டடத்துக்கும் வரி போடும் அதிகாரம். 50ஆம் பதிவு கனிம உரிமைகள் மீது வரி போடும் அதிகாரம், ஆனால் கனிம வளர்ச்சிக்காக நாடாளுமன்றம் சட்டம் போட்டு விதிக்கும் வரம்புகளுக்கு உட்பட்டு. அந்தப் பக்கம் ஒன்றியப் பட்டியலின் 54ஆம் பதிவு, சுரங்கங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரம். அதன்படி 1957இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதன் 9ஆம் பிரிவுதான் ராயல்டி பற்றியது. சுரங்கக் குத்தகை எடுத்தவர், தோண்டி எடுக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் ராயல்டி கட்ட வேண்டும். அரசு நிலத்துக் கனிமம் என்றால் காசு மாநிலத்துக்கு. ஆனால் டன்னுக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது ஒன்றிய அரசு. அதையும் மூன்று வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் உயர்த்தக் கூடாது. வீடு உங்களுடையது, வாடகையை மட்டும் வேறு ஆள் நிர்ணயிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தாழையூத்துக்கு வருவோம். 1963இல் இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனிக்கு அங்கே சுண்ணாம்புக்கல்லும் சுக்கான்கல்லும் எடுக்க 20 வருடக் குத்தகையை மாநில அரசு கொடுத்தது. 1958ஆம் வருட மதராஸ் பஞ்சாயத்துச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, ஒரு ரூபாய் நிலவரிக்கு 45 பைசா தலவரி என்று சொன்னது. தாத்தா கட்டியது அதைத்தான். 1964இல் அந்தப் பிரிவுக்கு ஒரு விளக்கம் சேர்த்தார்கள்: நிலவரி என்பதில் ராயல்டியும் அடங்கும். அதாவது நஞ்சைக்காரர் கட்டும் தீர்வையைப் போலவே சுரங்கக்காரர் கட்டும் ராயல்டிக்கும் ரூபாய்க்கு 45 பைசா தலவரி உண்டு. ஊராட்சிகளுக்காக வசூலித்த காசு அது.

கம்பெனி வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்று, உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சட்டப்படி பார்த்தால் அங்கேயும் தோற்றிருக்க வேண்டும். ஏனென்றால் சித்தூர் மாவட்டத்து வழக்கு ஒன்றில், பழைய மதராஸ் மாவட்ட போர்டு சட்டத்தின் கீழ் இதே மாதிரி ராயல்டியை வைத்துக் கணக்கிட்ட வரி செல்லும் என்று 1964இல் ஐந்து நீதிபதிகள் சொல்லியிருந்தார்கள். ஆனால் 1989 அக்டோபர் 25 அன்று, தலைமை நீதிபதி வெங்கடராமையா தலைமையில் ஏழு பேர் உட்கார்ந்து அதைத் தூக்கிப்போட்டார்கள். நீதிபதி சப்யசாச்சி முகர்ஜி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் 34ஆம் பத்தியில்தான் அந்த வாக்கியம் இருக்கிறது. சாரம் இதுதான்: ராயல்டி ஒரு வரி. ஆகவே ராயல்டி மீது போடும் செஸ், அதாவது தலவரி மாதிரியான மேல்வரி, வரி மேல் வரி. 9ஆம் பிரிவு அந்தக் களத்தை முழுசாக மூடிவிட்டதால் மாநிலத்துக்கு அங்கே இடம் இல்லை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. அண்ணாச்சி டீக்கடை பெஞ்சில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். ராயல்டி என்பது நிலத்தின் சொந்தக்காரருக்குக் குத்தகைக்காரர் தரும் விலை என்றால், அது வரி கிடையாது. அப்படியானால் நாடாளுமன்றம் ராயல்டியை நிர்ணயித்தது வரி பற்றிய காரியமே இல்லை, மாநிலத்தின் வரி அதிகாரம் சேதமில்லாமல் அப்படியே இருக்கிறது. ராயல்டி என்பது வரி என்றால், கனிம வரியை டெல்லி ஏற்கெனவே போட்டு முடித்துவிட்டது, மாநிலத்துக்கு 50ஆம் பதிவு வெறும் மை. வாடகையா வரியா. அவ்வளவுதான் கேள்வி. நிலக்கரியும் இரும்புத்தாதும் உள்ள பீகார், ஒரிசா, மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களின் வருமானம் அந்த ஒரு சொல்லில் தொங்கியது.

தொங்கியது அறுந்தும் விழுந்தது. 1991இல் அந்த மூன்று மாநிலங்களின் செஸ்களும் தாழையூத்துத் தீர்ப்பைக் காட்டியே ரத்தாயின. வாங்கிய காசை எப்படித் திருப்புவது என்று மாநிலங்கள் முழித்தபோது, 1991 ஏப்ரல் 4 வரை வசூலித்ததைச் செல்லுபடியாக்கி 1992இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. பழையது போகட்டும், இனிமேல் கிடையாது.

அப்புறம் 2004 ஜனவரி 15. மேற்கு வங்கத்தில் நிலக்கரி நிலம், தேயிலைத் தோட்டம், செங்கல் சூளை மண் இவற்றின் மீது போட்ட செஸ்கள் பற்றிய கேசோராம் வழக்கு. ஐந்து நீதிபதிகள். பெரும்பான்மைக்காக எழுதிய நீதிபதி லஹோட்டி, 1989 தீர்ப்பின் 34ஆம் பத்தியை எடுத்துவைத்துக்கொண்டு சொன்னார்: "ராயல்டி ஒரு வரி" என்று இருப்பது பிழை. "ராயல்டி மீதான செஸ் ஒரு வரி" என்று இருந்திருக்க வேண்டும். சுருக்கெழுத்தில் நேர்ந்த கைப்பிழையாகவோ கவனக்குறைவாகவோ இருக்கலாம் என்றும் எழுதினார்.

இதைப் படித்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "எங்க ஆபீஸ்ல டைப்பிஸ்ட் ரெண்டு வார்த்தைய விட்டா மறுநாளே திருத்த மனு போட்டிருவோம். இதுக்குப் பதினாலு வருஷத்துக்கு மேல ஆயிருக்கு, பாத்துக்கிடுங்க" என்றார் அண்ணாச்சி.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, நான் வக்கீல் இல்லை என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். விடுபட்டதாகச் சொல்லும் அந்தச் சொற்களைச் சேர்த்துப் பழைய வாக்கியத்தை வாசித்துப் பாருங்கள். "ராயல்டி மீதான செஸ் ஒரு வரி. ஆகவே ராயல்டி மீதான செஸ், ராயல்டி மீதான வரி என்பதால்…" செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறது. முகர்ஜி சொல்ல நினைத்ததைத்தான் சொல்லியிருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. ஐந்து பேர் அமர்வால் ஏழு பேர் தீர்ப்பைத் தவறு என்று தள்ள முடியாது. நீதிமன்றத்தில் எண்ணிக்கைதான் மரியாதை. பெரியவர் சொன்னதை மறுத்துப் பேச முடியாத வீட்டில், "மாமா அப்படிச் சொல்லல, உங்க காதுல அப்படி விழுந்திருக்கும்" என்று சமாளிப்போமே, அந்த வகை. நோக்கம் நல்லதுதான். ஆனால் 1989இல் மாநிலங்களிடமிருந்து பறித்தது ஒரு வாக்கியம், 2004இல் திருப்பிக் கொடுத்தது ஒரு பிழைதிருத்தம். இரண்டு தடவையும் அரசியல் சாசனத்தில் ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை.

நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்து சரிசெய்த கதையும் உண்டு. அதற்கும் மதராஸ்தான் கட்சிக்காரர். 1958இல் கேனன் டங்கர்லி வழக்கு. கட்டட ஒப்பந்தத்தில் போகும் சிமெண்டுக்கும் கம்பிக்கும் மாநிலம் விற்பனை வரி கேட்டது. "சரக்கு விற்பனை" என்ற சொல்லுக்கு சரக்கு விற்பனைச் சட்டத்தில் உள்ள அதே பொருள்தான், கட்டடம் கட்டித்தருவதில் விற்பனை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைச் சரிசெய்ய 1982இல் 46ஆம் திருத்தம் வரவேண்டியிருந்தது. அதைத் திருத்தம் என்று பெயர் சொல்லியாவது செய்தார்கள்.

ராயல்டிக்கு அந்த வழி வரவில்லை. ஏழு பேர் ஒன்று சொல்ல, ஐந்து பேர் வேறு சொல்ல, எதைப் பின்பற்றுவது என்று உயர் நீதிமன்றங்கள் திண்டாடின. பீகாரின் 1992ஆம் வருடச் சட்டம் ஒன்று பற்றிய வழக்கில், 2011 மார்ச் 30 அன்று மூன்று நீதிபதிகள், இது எங்களால் ஆகாது, ஒன்பது பேர் கேட்கட்டும் என்று அனுப்பிவைத்தார்கள். அந்த ஒன்பது பேர் உட்கார 13 வருடம் ஆயிற்று. 2024 பிப்ரவரி கடைசியில் விசாரணை தொடங்கி மார்ச் 14 அன்று முடிந்தது. பதிமூன்று வருடம் கிடந்த வழக்குக்கு எட்டு நாள் வாதம்.

ஜூலையில் 8க்கு 1 என்று தீர்ப்பு. எட்டுப் பேருக்காகத் தலைமை நீதிபதி சந்திரசூட் எழுதினார். ராயல்டி வரி இல்லை, குத்தகைக்காரர் ஒப்பந்தப்படி கொடுக்கும் பிரதிபலன். 1957 சட்டம் மாநிலத்தின் வரி அதிகாரத்துக்கு வரம்பு எதையும் விதிக்கவில்லை. 49ஆம் பதிவில் உள்ள நிலம் என்பதில் கனிமம் உள்ள நிலமும் அடங்கும், வரியை எடுத்த கனிமத்தின் மதிப்பை வைத்தும் அளக்கலாம்.

மறுத்தவர் நீதிபதி நாகரத்னா. ராயல்டி வரிதான் என்றார், கேசோராம் தீர்ப்பு தவறு என்றார். மாநிலங்கள் போட்டி போட்டுக்கொண்டு வரி விதித்தால் கனிம விலை மாநிலத்துக்கு மாநிலம் ஏறுக்குமாறாகும், சுரங்கத் தொழிலே படுத்துவிடும் என்பது அவர் கவலை. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு மாநில உரிமை பேசுகிறவர்கள் இந்த மறுப்பைச் சும்மா ஒதுக்கிவிடுகிறார்கள். நான் ஒதுக்க மாட்டேன். சுண்ணாம்புக்கல் விலை ஏறினால் சிமெண்ட் விலை ஏறும், அதை மாடி எடுக்கிற ஆள்தான் கட்டப்போகிறார். ஆனாலும் எந்த வரி நல்லது என்பது வேறு, வரி போடுவது யார் என்பது வேறு. அதிக வரி போட்ட ஆட்சியை அந்த மாநிலத்து மக்கள் ஓட்டுப் போட்டு இறக்கலாம். 34ஆம் பத்தியை யார் இறக்குவது?

இன்னொன்று சொல்ல வேண்டும், எனக்கு இதுதான் ரொம்பவும் ஆச்சரியம். தாழையூத்துத் தீர்ப்பு வந்த அதே 1989 அக்டோபர் 25 அன்று, அதே ஏழு நீதிபதிகள் இன்னொரு தீர்ப்பும் சொன்னார்கள். தொழிற்சாலைக்குப் போகும் எரிசாராயம் பற்றியது. மாநிலப் பட்டியலின் 8ஆம் பதிவில் உள்ள "போதை தரும் மதுபானம்" என்பது குடிக்கிற சரக்கை மட்டும்தான் குறிக்கும், தொழிற்சாலைச் சாராயம் மாநிலத்துக்கு இல்லை என்றார்கள். அந்தத் தீர்ப்பும் 2024இல்தான் விழுந்தது. அக்டோபர் 23 அன்று. அதுவும் ஒன்பது பேர், அதே ஒன்பது பேர். அதுவும் 8க்கு 1. எழுதியது சந்திரசூட், மறுத்தது நாகரத்னா. ஒரே நாளில் மாநிலங்களின் கையைவிட்டுப் போன இரண்டு அதிகாரங்கள், 35 வருடம் கழித்து மூன்று மாத இடைவெளியில் திரும்பின. நடுவில் உள்ள அந்த 35 வருடத்தில் எத்தனை நிதிநிலை அறிக்கைகள், எத்தனை ஊராட்சித் தீர்மானங்கள் காசில்லை என்று ஒத்திப்போயிருக்கும்!

சரி, போன காசு? 2024 ஆகஸ்ட் 14 அன்று அதற்கும் ஒரு உத்தரவு வந்தது. 2005 ஏப்ரல் 1க்கு முந்தைய பரிவர்த்தனைகளுக்கு மாநிலங்கள் வரி கேட்கக் கூடாது. அதற்குப் பிந்தைய பாக்கியை, 2026 ஏப்ரல் 1 முதல் 12 வருடத்துக்குத் தவணையாக வாங்கலாம். 2024 ஜூலை 25க்கு முந்தைய காலத்துப் பாக்கிக்கு வட்டியும் அபராதமும் கிடையாது. தவணைத் திட்டம், முன்பணம் இல்லை, வட்டி இல்லை. பாத்திரக் கடையில்கூட இவ்வளவு தாராளம் கிடைக்காது.

தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை. 2024 டிசம்பரில் கனிம நிலங்களுக்கு வரி விதிக்கும் சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. 2025 ஏப்ரல் 4 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய். ஒன்றிய அரசு நிர்ணயித்த ராயல்டி டன்னுக்கு 80 ரூபாய்தான். 1964இல் கேட்டது ராயல்டியில் ரூபாய்க்கு 45 பைசா. இப்போது ராயல்டி ஒரு ரூபாய் என்றால் வரி இரண்டு ரூபாய். வழக்குப் போட்டதில் கம்பெனிகளுக்கு லாபமா நஷ்டமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "35 வருஷ வட்டியப் போட்டுப் பாரும்" என்றார்.

தகரப்பெட்டியை மறுபடி பரணில் ஏற்றுவதற்கு முன் ரசீதுகளைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. தலவரி எழுதிய வரியைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்.

"உங்க தாத்தா கேஸ் போடலியோ?"

"நாலு ரூபாத் தீர்வைக்கு யாரு அண்ணாச்சி கேஸ் போடுவா?"

"அதான். இவரு கட்டிட்டாரு." சற்று நிறுத்திவிட்டு, "50ஆம் என்ட்ரிய மறுபடி ஒருக்க வாசிச்சுப் பாரும். வரம்பு போட இன்னும் பார்லிமெண்டுக்கு அதிகாரம் இருக்குல்லா. ஒன்பது பேரும் அதுல கைவைக்கல. நாளைக்கே ஒரு சட்டம் போட்டா இந்த 160 ரூபா நிக்குமான்னு தெரியாது" என்றார்.

வெள்ளையடிக்கிறவர் ஏணியை நகர்த்தச் சொன்னார். சுவரில் பூசிக்கொண்டிருந்த சுண்ணாம்பு எந்த ஊர்க் கல் என்று கேட்டேன். "கடையில வாங்குனது சார்" என்றார்.